திராட்சை ஒரே நெபியோலோதான், ஆனால் செர்ரலுங்கா ஒயின் ஏன் ஈறைப் பிடிக்கிறது?

வடமேற்கு இத்தாலியில் பரோலோ ஒயின் விளையும் பகுதி இது. ஆல்பாவிலிருந்து பரோலோ ஊருக்குப் போகும் சாலையை எல்லைக்கோடாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்கு ஓரளவு சரியாக வரும். மேற்கே லா மோர்ராவும் பரோலோ ஊரும். அங்கே இருப்பது நீலம் கலந்த சாம்பல் நிறச் சுண்ணாம்புக் களிமண், காய்ந்தால் வெளுத்து உதிரும். கிழக்கே செர்ரலுங்கா, மொன்ஃபோர்தே. அங்கே களிமண் அடுக்குகளுக்கு நடுவே மணற்கல் பாளம் பாளமாகக் கிடக்கும். மண் இறுகியது, சத்தும் குறைவு. இரண்டுமே ஒரு காலத்தில் கடலடி.

பரோலோ ஒயினுக்குச் சட்டப்படி நெபியோலோ தவிர வேறு திராட்சை கூடாது. அப்படியும் லா மோர்ரா பாட்டில் ரோஜா வாசத்தோடு சீக்கிரம் இளகும், செர்ரலுங்காவோ பத்து வருடம் கழித்தும் ஈறைக் கவ்வும். சுண்ணாம்பின் ருசி ஒயினில் இறங்கிவிட்டது என்று இதை விளக்குவது வெறும் கதை. சத்தில்லாத மண்ணில் கொடி மதர்க்காது, மணி சிறுக்கும். சிறிய மணியில் சாறு குறைவு, தோலும் விதையும் அதிகம். துவர்ப்பு கூடுவது அதனால்தான்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதையும் கேளுங்கள். நெபியோலோ சீக்கிரம் துளிர்த்து, அக்டோபரில்தான் பழுக்கும். பனி முதலில் உருகுகிற தெற்குச் சரிவை அதற்கென்றே ஒதுக்கி வைப்பது அந்த ஊர் வழக்கம்.

•

மண் விஷயம் சரி. ஆனால் தொட்டியில் என்ன நடந்தது என்று தெரியாமல் பாட்டிலை மண்ணோடு முடிச்சுப் போடக் கூடாது.

பழைய முறை இது. காம்பை நீக்கி நசுக்கி, 28–30 டிகிரியில் நொதிக்க விடுவார்கள். தோல்கள் மேலே மிதந்து தொப்பிபோல் கெட்டியாகும். அடியிலிருந்து சாற்றை எடுத்து அதன் மேல் தினமும் இரண்டு தடவையாவது ஊற்றுவார்கள். சர்க்கரை தீர்ந்ததும் மரப்பலகைகளைக் குறுக்கே செருகித் தொப்பியைச் சாற்றுக்குள் அமிழ்த்திவிடுவார்கள். இதற்கு 'கப்பெல்லோ சொம்மெர்சோ' என்று பெயர். எல்லாம் சேர்த்து 30 முதல் 50 நாள் வரை போகும்.

தவறு நடக்கும் இடங்கள் மூன்று. சூடு 35 டிகிரியைத் தாண்டினால் ஈஸ்ட் செத்து, சர்க்கரை தீராமல் நொதித்தல் பாதியில் நின்றுவிடும். நொதித்தல் அடங்கியபின் கரியமில வாயுவின் காப்பு இருக்காது, தொப்பி காற்றில் கிடந்தால் வினிகர் வாடை ஏறும். பலகை செருகுவதே அதைத் தடுக்கத்தான். மூன்றாவது, விதை பச்சையாக இருக்கும் ஆண்டில் 50 நாள் ஊறவிட்டால் கசப்புத்தான் மிஞ்சும். விதையைக் கடித்துப் பார்த்தே நாள் குறிக்க வேண்டும்.

•

பீப்பாயையும் விட்டுவிடக் கூடாது! சட்டம் கேட்பது 38 மாதம் முதிர்ச்சி, அதில் 18 மாதம் மரத்தில். எந்த மரம், எவ்வளவு பெரியது என்பது தயாரிப்பாளர் இஷ்டம். ஆயிரக்கணக்கான லிட்டர் பிடிக்கும் ஸ்லாவோனிய (குரோஷியா) ஓக் பெரும்பீப்பாயான 'போத்தி'யில் மரவாசம் ஏறாது, காற்று மட்டும் மெல்லக் கசியும். 225 லிட்டர் புதுப் பீப்பாயில் ஒரு லிட்டருக்குப் படும் மரப்பரப்பு பல மடங்கு. வெனிலாவும் வறுத்த வாசமும் ஏறி, லா மோர்ரா எது செர்ரலுங்கா எது என்று பிரித்தறிய முடியாமல் போகும்.

போத்திக்கும் குறை உண்டு. ஆவியாகிக் குறைந்ததை அவ்வப்போது நிரப்பாவிட்டால் புளித்துப்போகும். சரியாகச் சுத்தம் செய்யாத பழைய மரத்தில் பிரெத்தானோமைசஸ் ஈஸ்ட் குடியேறினால் மாட்டுத்தொழுவ நெடி. அதை 'மண்வாசம்' என்று பாராட்டுகிறவர்களும் இருக்கிறார்கள்!

•

மண்ணைக் கைப்பழக்கம் அமுக்கிவிடுகிற உதாரணம் வேண்டுமென்றால் வடகிழக்கு இத்தாலியில் உள்ள வால்போலிச்செல்லாவின் அமரோனே ஒயின்தான். கொர்வினா திராட்சைக் கொத்துகளைத் தட்டுகளில் பரப்பி 100–120 நாள் காயவைப்பார்கள். எடையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 100 கிலோ பச்சைத் திராட்சைக்கு 40 லிட்டருக்கு மேல் ஒயின் எடுக்கச் சட்டம் விடாது. அடிபட்ட மணி ஒன்று உள்ளே போனாலும், மூடுபனி நாள்களில் பூஞ்சை கொத்து முழுக்கப் பரவும். ஒற்றை அடுக்காகப் பரப்புவதும் ஜன்னல்களைத் திறந்து வைப்பதும் அதற்காகத்தான். பிறகு குளிர்காலத்தில் நொதிக்க வேண்டும். ஈஸ்ட் பாதியிலேயே களைத்து நின்றால், இனிப்பு மிச்சமிருக்கிற ரெச்சோத்தோ ஒயினாகத்தான் முடியும்.

•

செர்ரலுங்கா பாட்டிலுக்குத் திரும்புவோம். இளசாக இருந்தால் 2–3 மணி நேரம் முன்பே அகலக் குடுவையில் ஊற்றி வையுங்கள். 20 வயதுப் பாட்டில் என்றால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, கழுத்துக்குக் கீழே விளக்கு பிடித்து மெதுவாக ஊற்றி, வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 16–18 டிகிரி போதும். சென்னை அறைச் சூட்டில் ஊற்றினால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும், கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு எடுங்கள். ஓரம் செங்கல் நிறமாகத் தெரிந்தால் பதற வேண்டாம், நெபியோலோவின் நிறம் சீக்கிரமே அப்படித்தான் மாறும்.