விர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பி நிறுவினால் நீலத்திரை (7பி): பழைய பேஜ்மேக்கர் கோப்பு ஒன்றைத் திறந்தாக வேண்டும்

அச்சகத்து மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். நான்கு நாளாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

அப்பா சிவகாசிப் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி சென்டர் வைத்திருந்தார். 2003-இல் எங்கள் ஊர்ப் பாட்டிமார் பாடிய ஒப்பாரி, தாலாட்டு எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதி, தானே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் அடித்து, 96 பக்கப் புத்தகமாக 300 பிரதி போட்டார். பாடியவர்களில் ஒருவரும் இன்று இல்லை. அப்பாவும் இல்லை. வீட்டில் மிஞ்சிய ஒரே பிரதியில் 33-ஆம் பக்கத்திலிருந்து 60 வரை கறையான் அரித்துவிட்டது. ஆனால் பீரோவில் ஒரு சிடி கிடைத்தது. அதில் அந்தப் புத்தகம் முழுசாக இருக்கிறது. பேஜ்மேக்கர் 6.5-இல் செய்தது, பி65 என்று முடிகிற கோப்பு. கூடவே எழுத்துருக்கள் உள்ள ஒரு ஃபோல்டர்.

அப்பாவின் எக்ஸ்பி சிடி (சர்வீஸ் பேக் 2) உறையில் ஒட்டிய கீயோடு இருக்கிறது. பேஜ்மேக்கர் 7 சிடியும் பெட்டியோடு பத்திரமாக இருக்கிறது. என் லேப்டாப்பில் விண்டோஸ் 11, 8 ஜிபி ரேம். சிடி டிரைவ் கிடையாது. தோழியின் வெளி டிரைவை வாங்கி இரண்டு சிடியையும் ஐஎஸ்ஓ (முழுச் சிடியின் நகல் கோப்பு) ஆக்கினேன். கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாகவே ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 போட்டு, அதில் புது மெஷின் உண்டாக்கி, எக்ஸ்பி ஐஎஸ்ஓவைக் கொடுத்து ஓட்டினேன். நீலப் பின்னணியில் டிரைவர்களாக ஏற்றிக்கொண்டே போகிறது. கடைசியில் கீழே 'செட்டப் இஸ் ஸ்டார்ட்டிங் விண்டோஸ்' என்று வந்ததும் விண்டோஸ் நின்றுபோய் நீலத்திரை. அதில் தெரியும் பிழை எண்ணின் கடைசியில் 7பி.

செய்து பார்த்தவை: ரேமை 2 ஜிபியிலிருந்து 4 ஆக்கினேன். சிடியைத் துடைத்து மறுபடி ஐஎஸ்ஓ எடுத்தேன். மெஷின் உண்டாக்கும்போது வகை 'விண்டோஸ் 10' என்று இருந்ததைக் கவனிக்காமல் விட்டிருந்தேன். அதை செட்டிங்ஸில் எக்ஸ்பி என்று மாற்றினேன். எதற்கும் அசையவில்லை, அதே இடத்தில் அதே எண். சிடிதான் கெட்டுவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

---

கீபோர்டு பழசு

சகோதரி, சிடி நன்றாக இருக்கிறது. ரேமிலும் குறை இல்லை. சிடி கீறியிருந்தால் இந்தக் கோப்பை நகலெடுக்க முடியவில்லை என்று பெயரைச் சொல்லிக் கேட்கும், 7பி வராது. 7பி என்பதற்கு ஒரே பொருள்தான்: எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்ப வேண்டுமோ அந்த டிஸ்க்கை விண்டோஸால் தொட முடியவில்லை.

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. விண்டோஸ் 10 என்ற வகையில் மெஷினை உண்டாக்கியபோது விர்ச்சுவல்பாக்ஸ் அதற்கு சாட்டா கன்ட்ரோலர் (டிஸ்க்கை இணைக்கும் பாகம்) ஒன்றைப் பொருத்திவிட்டது, ஏஹெச்சிஐ என்ற முறையில். எக்ஸ்பி வெளிவந்தது 2001 அக்டோபர். ஏஹெச்சிஐ அதற்குப் பிறகு வந்தது. அந்தச் சிடிக்குள் அதற்கான டிரைவர் கிடையாது, சர்வீஸ் பேக் 2-இலும் இல்லை. முதல் கட்டத்தில் கோப்புகளைப் படித்துக் கொடுப்பது பயாஸ் (கணினியைக் கிளப்பும் அடிப்படை நிரல்), அதனால் டிரைவர்கள் ஏறுகிற வரை எல்லாம் சரியாகப் போகிறது. எக்ஸ்பியின் கெர்னல், அதாவது அதன் மையப் பகுதி, பொறுப்பை வாங்கிக்கொண்ட நொடியில் பயாஸ் விலகிவிடும். கெர்னல் தன் டிரைவரால் டிஸ்க்கைத் தேடுகிறது, கிடைக்கவில்லை, விழுந்துவிடுகிறது. அதனால்தான் எப்போதும் அதே வரியில் நிற்கிறது.

வகையைப் பிறகு மாற்றினீர்கள், பலன் இல்லை என்றீர்கள். பலன் இருக்காது. வகை என்பது மெஷினை உண்டாக்குகிற நேரத்தில் எந்தெந்தப் பாகத்தைப் பொருத்துவது என்று முடிவு செய்யத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது. பொருத்திய கன்ட்ரோலரைப் பின்னால் வந்து அது மாற்றாது.

இந்த மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று உண்டாக்குங்கள், அதுதான் சுலபம். தொடக்கத்திலேயே விண்டோஸ் எக்ஸ்பி 32-பிட் என்று தேர்ந்தெடுங்கள். தானாக நிறுவிக்கொள்ளட்டுமா என்று ஒரு வசதி வரும், அதை வேண்டாம் என்று டிக் போட்டுத் தவிருங்கள், கீயை நீங்களே கையால் கொடுப்பதுதான் நல்லது. ரேம் 1 ஜிபி தாராளம். டிஸ்க் 10 ஜிபி போதும். பிராசசர் ஒன்று. ஈஎஃப்ஐ (புது வகைத் தொடக்க முறை) என்ற இடத்தில் டிக் இருக்கக் கூடாது. ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பாருங்கள், ஐடிஇ (பழைய வகை டிஸ்க் இணைப்பு) என்றும் வகை பிஐஐஎக்ஸ்4 என்றும் இருக்க வேண்டும். டிஸ்க், சிடி இரண்டும் அதன் கீழேதான் தொங்க வேண்டும். பிஐஐஎக்ஸ்4 இன்டெல் 1997-இல் போட்ட சில்லு, எக்ஸ்பிக்கு அது பழகிய முகம். பழைய சிஸ்டத்தை விஎம்-இல் (இப்படி மென்பொருளாக ஓடும் மெஷினில்) ஏற்றுகிற எல்லோருக்கும் நான் சொல்வது இதைத்தான்: அதன் காலத்து வன்பொருளைக் கொடுங்கள். புதிதாகவும் பெரிதாகவும் கொடுக்கக் கொடுக்க அது தடுமாறும்.

ஐ/ஓ ஏபிஐசி என்று சிஸ்டம் பக்கத்தில் ஒரு டிக் இருக்கும். நிறுவும்போது அது எப்படி இருந்ததோ அப்படியே கடைசி வரை விட்டுவிடுங்கள். நிறுவிய பிறகு எடுத்தால் விண்டோஸ் எழுந்திருக்காது.

---

நடு இரவு நிரலர்

நிறுவலின் ஆரம்பத்தில் எஃப்6 விசையை அழுத்தி சாட்டா டிரைவரைக் கொடுத்தும் நிறுவலாமே? நான் அந்தக் காலத்தில் லேப்டாப்களில் அப்படித்தான் போட்டேன்.

---

கீபோர்டு பழசு

செய்யலாம். ஆனால் எஃப்6 டிரைவரை ஃபிளாப்பியிலிருந்து மட்டும்தான் வாங்கும். ஃபிளாப்பி இமேஜ் தயார் செய்ய வேண்டும், மெஷினில் ஃபிளாப்பி கன்ட்ரோலர் சேர்க்க வேண்டும், சரியான இன்டெல் டிரைவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். உண்மையான லேப்டாப்பில் வேறு வழி இல்லாதபோது சரி. இங்கே கன்ட்ரோலரையே ஒரு நிமிடத்தில் மாற்றலாம் எனும்போது அந்தப் பாடு எதற்கு?

---

அச்சகத்து மகள்

அண்ணா, நீலத்திரை போயே போய்விட்டது! நான்கு நாள் கழித்து 'விண்டோஸ் செட்டப்புக்கு வரவேற்கிறோம்' என்ற பக்கத்தைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

ஆனால் இப்போது இரண்டு சிக்கல். கோப்புகளை நகலெடுத்து முடித்து ரீஸ்டார்ட் ஆனதும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மூன்று முறை அப்படி ஆனது. இரண்டாவது, வேகம். நகலெடுக்கவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவின் பழைய பென்டியம் 4-இல் கூட இவ்வளவு நேரம் ஆனதாக நினைவில்லை. விண்டோவின் கீழ் ஓரத்தில் பச்சையாக ஒரு ஆமைப் படம் தெரிகிறது, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

---

நடு இரவு நிரலர்

முதல் சிக்கலுக்கு நான் சொல்கிறேன். ரீஸ்டார்ட் ஆனதும் 'சிடியிலிருந்து கிளம்ப ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்று கேட்கும். முதல் முறை மட்டும்தான் அழுத்த வேண்டும். இரண்டாம் முறை கையை எடுத்துவிட்டு ஐந்து வினாடி காத்திருங்கள், அதுவாக டிஸ்க்கிலிருந்து தொடரும். சிடியைக் கழற்ற வேண்டாம், அடுத்த கட்டத்துக்கும் அது தேவை.

ஆமைக்கும் வேகத்துக்கும் நிச்சயம் சம்பந்தம் உண்டு. உங்கள் விண்டோஸ் 11-க்கு அடியில் மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி ஓடிக்கொண்டிருக்கிறது. பிராசசரின் மெய்நிகராக்க வசதியை அது முதலில் பிடித்துக்கொண்டதால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் தயவில்தான் ஓட வேண்டியிருக்கிறது. அதைத்தான் ஆமை சொல்கிறது. நேரடியாக ஓடும்போது அந்த இடத்தில் 'வி' எழுத்தோடு ஒரு சில்லுப் படம் இருக்கும்.

விண்டோஸ் செக்யூரிட்டியில் டிவைஸ் செக்யூரிட்டி, அதற்குள் கோர் ஐசொலேஷன், அதில் மெமரி இன்டெக்ரிட்டி. அதை அணையுங்கள். பிறகு 'விண்டோஸ் வசதிகளை இயக்கு அல்லது அணை' பட்டியலில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றிலும் டிக் இருந்தால் எடுங்கள். ரீஸ்டார்ட் செய்யுங்கள். டாக்கரோ விண்டோஸுக்குள் லினக்ஸோ வைத்திருந்தால் அவை ஓடாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மெமரி இன்டெக்ரிட்டி உங்கள் லேப்டாப்பின் பாதுகாப்புக்காக இருப்பது. வேலை முடிந்த அன்றே திரும்பப் போட்டுவிடுங்கள், இதை நான் வலியுறுத்தியே சொல்கிறேன்.

---

கீபோர்டு பழசு

இன்னொன்று. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதை இணையத்தில் விட வேண்டாம். நெட்வொர்க் பக்கத்தில் 'கேபிள் இணைக்கப்பட்டுள்ளது' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். கோப்புகளை உள்ளே கொண்டுபோகவும் வெளியே எடுக்கவும் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸோடு வரும் துணை நிரல்கள்) நிறுவிவிட்டு, இரண்டு பக்கமும் தெரிகிற ஷேர்டு ஃபோல்டர் வையுங்கள். அது நெட்வொர்க் அட்டை வழியாகப் போவதில்லை, கேபிளைப் பிடுங்கினாலும் வேலை செய்யும்.

---

அச்சகத்து மகள்

ஆமை போய் சில்லுப் படம் வந்துவிட்டது. '39 நிமிடங்கள்' என்று காட்டிய கட்டம் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. இரண்டு அண்ணன்களுக்கும் நன்றி.

பேஜ்மேக்கர் 7 நிறுவினேன். அப்பாவின் கோப்பைத் திறந்தேன். பழைய பதிப்பின் கோப்பு, மாற்றித் திறக்கிறேன் என்றது, சரி என்றேன். அடுத்து 'பனோஸ்' என்று ஒரு பெட்டி வந்து எழுத்துருக்களின் பட்டியலைக் காட்டியது. சரி கொடுத்ததும் பக்கம் திறந்தது. ஆனால் ஒரு தமிழ் எழுத்து கூட இல்லை. எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாகக் கலந்து கிடக்கிறது. இன்னும் சேமிக்கவில்லை, அப்படியே திறந்து வைத்துவிட்டு எழுதுகிறேன். கோப்பு கெட்டுவிட்டதா?

---

மெய்ப்புத் திருத்துநர்

கெடவில்லையம்மா. சேமிக்காமல் மூடிவிடுங்கள், அதுதான் முக்கியம். மூலக் கோப்பு சிடியிலேயே இருக்கட்டும், எப்போதும் நகலில்தான் வேலை செய்ய வேண்டும்.

ஒவ்வொரு எழுத்துக்கும் பொது எண் தரும் யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் கோப்புக்குள் தமிழ் என்று எதுவும் இருக்காது. 'க' என்று நாம் பார்க்கும் இடத்தில் ஓர் ஆங்கில எழுத்தின் அல்லது குறியின் எண்தான் இருக்கும், எழுத்துரு அதற்கு 'க' உருவத்தைப் போட்டுக் காட்டும். எழுத்துரு இல்லையென்றால் நீங்கள் பார்த்ததுதான் தெரியும். சிடியில் எழுத்துரு ஃபோல்டர் இருக்கிறது என்றீர்களே, அதிலுள்ளவற்றை எக்ஸ்பியின் கன்ட்ரோல் பேனலில் ஃபான்ட்ஸ் ஃபோல்டருக்குள் போடுங்கள். பேஜ்மேக்கரை மூடித் திறந்து மறுபடி கோப்பைத் திறங்கள். பனோஸ் பெட்டி வரக் கூடாது. வந்தால் இன்னும் ஏதோ ஓர் எழுத்துரு பாக்கி என்று பொருள், எது என்று பெயரைக் குறித்துக்கொண்டு ரத்து கொடுங்கள்.

திறந்ததும் முதலில் பக்க அமைப்பைக் காப்பாற்றுங்கள். எக்ஸ்பியில் ஒரு போஸ்ட்ஸ்கிரிப்ட் (பக்கத்தை விவரிக்கும் அச்சு மொழி) லேசர் பிரின்டரைச் சேர்த்து, போர்ட் என்ற இடத்தில் ஃபைல் என்று கொடுத்து, 96 பக்கத்தையும் அதற்கு அச்சிடுங்கள். கிடைக்கிற கோப்பை விண்டோஸ் 11 பக்கம் கொண்டுவந்து கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருளால் பிடிஎஃப் ஆக்கலாம். உங்கள் அப்பா வைத்த பக்கம் அப்படியே கையில் இருக்கும்.

பிறகு எழுத்து. பாட்டின் மேல் கர்சரை வைத்து கன்ட்ரோல்-ஈ அழுத்தினால் ஸ்டோரி எடிட்டர் திறக்கும். முழுவதையும் நகலெடுத்து உரைக் கோப்பாகச் சேமித்து, பழைய எழுத்துரு உரையை யூனிகோடாக மாற்றும் என்ஹெச்எம் கன்வர்ட்டரில் கொடுங்கள். எழுத்துரு தாம் வகையா, தாப் வகையா (இரண்டும் பழைய தமிழ்க் குறியேற்றங்கள்), வேறு நிறுவனத்தின் சொந்தக் குறியேற்றமா என்று நான்கு வரியை மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் 'ள' என்ற எழுத்துக்கும் பெரும்பாலும் ஒரே உருவம், ஒரே எண். 'வெளி' என்று அவர் அடித்திருப்பார், கன்வர்ட்டர் குழம்பிப்போய் 'வௌி' என்று தரும். 'வெள்ளி', 'கெளுத்தி', 'தெளிவு' எல்லாவற்றுக்கும் இந்த ஆபத்து உண்டு. கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரிவதால் படித்துப் பிடிக்க முடியாது. 'வௌ', 'தௌ', 'கௌ' என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். ஒரேயடியாக மாற்றிவிடாதீர்கள், 'கௌரி' போன்ற உண்மையான ஔகாரங்கள் ஒப்பாரியிலும் வரும்.

---

அச்சகத்து மகள்

ஐயா, எழுத்துருவைப் போட்டதும் பக்கம் மலர்ந்துவிட்டது. அப்பா தலைப்புக்குப் பக்கத்தில் வைத்த சின்ன மயில் படம் வரை அப்படியே இருக்கிறது. கறையான் தின்ற 33-ஆம் பக்கத்தைத்தான் முதலில் திறந்தேன். என் ஆச்சி பாடிய தாலாட்டு அங்கே ஆரம்பிக்கிறது என்பதே எனக்கு இப்போதுதான் தெரிகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்காமலே அடுத்த வரியைச் சொன்னார்.

96 பக்கமும் பிடிஎஃப் ஆகிவிட்டது. எழுத்துரு தாப் வகை. முதல் 20 பக்கத்தை மாற்றித் தேடியதில் 'வௌ' 41 இடத்தில் வந்தது, ஒன்றுகூட உண்மையான ஔகாரம் இல்லை. 'கௌ' இரண்டு இடத்தில், இரண்டும் கெளுத்தி மீன். மீதியை இந்த வாரத்தில் முடித்துவிடுவேன்.

ஒரே ஒரு சந்தேகம். இந்த எக்ஸ்பி மெஷினை இப்படியே பத்திரப்படுத்தி வைக்க முடியுமா? அப்பாவின் சிடிகள் இன்னும் பதினொன்று இருக்கின்றன.

---

கீபோர்டு பழசு

முடியும். எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்துவிட்டு, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ் கொடுங்கள். ஓவிஏ என்று ஒரே கோப்பாக வரும், அதை வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். நாளைக்கு லேப்டாப் மாறினாலும் இம்போர்ட் செய்தால் பேஜ்மேக்கர், எழுத்துருக்கள் எல்லாவற்றோடும் எழுந்து நிற்கும். அதற்கு முன்னால் அந்தப் பதினொரு சிடியையும் இன்றைக்கே ஐஎஸ்ஓ எடுத்துவிடுங்கள். இருபது வருடச் சிடி அடுத்த மழைக்காலத்தைத் தாங்குமா என்று சொல்ல முடியாது.