பெண்ணுக்குக் கடன் கொடுத்தால் வறுமை ஒழியுமா?

கணக்குப்பிள்ளை:
பெண்களுக்கு அதிகாரம் கொடுத்தால் உலக வறுமை ஓடிவிடும் என்று எழுதாத அறிக்கை இல்லை. நடைமுறையில் கையில் திணிப்பது என்னவோ கடன்தான். வங்கதேசத்தில் 1976-இல் பொருளாதாரப் பேராசிரியர் முகமது யூனுஸ் ஏழைகளுக்கென்று தொடங்கிய சிறுகடன், 2006-இல் அவருக்கும் அவர் நிறுவிய கிராமீன் வங்கிக்கும் நோபல் அமைதிப் பரிசு வாங்கித் தந்தது. பிறகு இந்தியா, மொராக்கோ, மெக்சிகோ, மங்கோலியா, எத்தியோப்பியா, போஸ்னியா என ஆறு நாடுகளில் சோதித்துப் பார்த்து 2015-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வாழ்க்கையைப் புரட்டிப் போடும் வருமான உயர்வு எங்கும் தென்படவில்லை.

மேழி:
சோதனையில் தோற்றது கடன். அதற்குப் பெண்கள் மேல் ஏன் பழி? தென்னாப்பிரிக்காவில் 1990-களின் தொடக்கத்தில் கறுப்பின முதியோருக்கான ஓய்வூதியத்தை வெள்ளையருக்குச் சமமாக உயர்த்தினார்கள். பொருளாதார அறிஞர் எஸ்தர் டஃப்லோ அதை ஆராய்ந்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பெண் குழந்தைகளின் உடல் வளர்ச்சி தேறியிருந்தது. தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படி எதுவும் காணோம். ஒரே தொகை, வாங்கிய கைதான் வேறு.

கணக்குப்பிள்ளை:
பேத்தி தேறினாள், நல்லது. பாட்டிக்கு என்ன அதிகாரம் வந்தது? குடும்பத்துக்காகச் செலவழிப்பாள் என்று நம்பித்தானே அவளிடம் கொடுக்கிறீர்கள்! தொழில் என்று பார்த்தால், இலங்கையில் சிறுதொழில் செய்வோருக்கு மூலதனம் கொடுத்த சோதனையில் ஆண்களுக்கு லாபம் கூடியது. பெண்களுக்குச் சராசரியாகக் கூடவே இல்லை.

தறிக்காரி:
அந்த இலங்கைக் கதையைப் பாதியிலேயே நிறுத்திட்டீங்களே சார். அதே தரவையும் இந்தியா, கானா தரவையும் வச்சு 2019-ல ஒரு ஆய்வு வந்துச்சு. பெண் பேர்ல வந்த பணம் பல வீட்டில கணவர் தொழிலுக்குப் போயிருக்கு. வீட்டில அவ ஒருத்தி மட்டும் தொழில் பண்ற இடத்தில லாபம் நல்லாவே வந்திருக்கு.

கணக்குப்பிள்ளை:
நான் சொல்வதும் அதுதானே அம்மா. கடன் அவள் பெயரில், பணம் அவர் தொழிலில், தவணைக் கூட்டத்தில் பேச்சு வாங்குவது மட்டும் அவள். 2010-இல் ஆந்திராவில் கடன் நெருக்கடியில் தற்கொலைகள் நடந்து, அரசு அவசரச் சட்டம் போடும் நிலை வந்தது.

தறிக்காரி:
அப்போ கடனை விடுங்க. வங்கதேசத்துத் தொண்டு நிறுவனமான பிராக் 2002-ல இருந்து பரம ஏழைப் பெண்களுக்கு ஆடு மாட்டை இலவசமாவே கொடுக்குது. கூடவே கொஞ்ச காலம் சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, வீடு தேடி வந்து பார்க்க ஒரு ஆள். இதே முறையை வேற ஆறு நாட்டில சோதிச்சாங்க. திட்டம் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சும் பலன் நிலைச்சு இருந்துச்சு. (அதில ஒண்ணான ஹோண்டுராஸில கோழிங்க நோயில செத்துப்போச்சு, அது தனி சோகம்.)

கணக்குப்பிள்ளை:
அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. வீட்டு முடிவுகளில் பெண்ணின் குரல் முதலில் கொஞ்சம் உயர்ந்தது, ஒரு வருடத்தில் அந்த உயர்வு கரைந்துவிட்டது. சாப்பாடு கூடியிருக்கிறது, சொல் எடுபடவில்லை. வறுமை குறைவதும் அதிகாரம் வருவதும் ஒன்றென்று இனியும் சொல்லாதீர்கள்.

மேழி:
ஒன்றென்று நான் சொல்லவில்லை. மாடு செத்தால் போச்சு, நிலம் அப்படியில்லை. எத்தியோப்பியாவின் சில பகுதிகளில் நிலச் சான்றிதழில் கணவன், மனைவி இருவர் படமும் ஒட்டுகிறார்கள். ருவாண்டாவில் 1999 சட்டம் மகளுக்கும் வாரிசுரிமை கொடுத்தது. இதற்கு வாரத் தவணை கிடையாது.

கணக்குப்பிள்ளை:
காகிதத்தில் பெயர் இருக்கும். அண்ணன் தம்பியோடு பகை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறவர்களை என்ன செய்வீர்கள்?

தறிக்காரி:
பேர் இருந்தாத்தானே கையெழுத்து கேட்டு வரவே செய்வாங்க? இல்லாதவகிட்ட யாரும் கேட்கக்கூட மாட்டாங்க. அதை விடுங்க, நேரத்தைப் பத்தி யாருமே வாய் திறக்கலையே. உலகத்துல சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில 76 சதவீதம் பெண்கள் தலையில்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு (ஐஎல்ஓ) 2018-ல சொல்லிச்சு. நிலமும் மாடும் கொடுத்துட்டு, பிள்ளையைப் பார்த்துக்க ஆள் கொடுக்கலைன்னா அவ எப்போ போய் உழுவா?

கணக்குப்பிள்ளை:
குழந்தைக் காப்பகத்துக்கு அரசு பணம் போடட்டும் என்றால், அதில் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. அதற்கும் அவளிடமே கடன் பத்திரம் நீட்டினால் மறுபடி வருவேன்.