தனுஷ்கோடிச் சுவர்கள்: உச்சி வெயிலில் படம் எடுக்கலாமா, கூடாதா?

சேதுக்கரை நிழல்:
ராமேஸ்வரம் வரும் படக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே அறிவுரைதான் போகிறது: தனுஷ்கோடியில் காலை ஏழரைக்கு மேல் கேமராவை வெளியே எடுக்காதே. கடலுக்கு அது சரி. 1964 டிசம்பர் புயலில் கூரை போன தேவாலயத்துக்குச் சரியில்லை.

கணக்கைப் பாருங்கள். ஏப்ரல் நடுவில் காலை 7 மணிக்குச் சூரியன் கிழக்கில் சுமார் 12 டிகிரி உயரத்தில் இருக்கும். கிழக்கு பார்த்த சுவரில் வெளிச்சம் நேருக்கு நேர் விழும். முருகைக்கல்லின் (கடல் பவளக் கல்) துளைகளுக்குள் நிழலே இருக்காது, சுவர் மஞ்சள் அட்டை மாதிரித் தட்டையாக வரும். 10.40-க்கு அதே சூரியன் 67 டிகிரி ஏறியிருக்கும். இப்போது வெயில் சுவரை மேலிருந்து உரசிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு துளையும், சுண்ணாம்பு உதிர்ந்த ஒவ்வொரு விளிம்பும் அப்போதுதான் எழுந்து நிற்கும். சுவர்களுக்கு நடுவே தரைவரை வெயில் இறங்குவதும் சூரியன் உயர்ந்த பிறகுதான்.

பாம்பன் வாடை:
உரசுவது சரி அண்ணே, ஆனால் விழுகிற நிழல் எப்படிப்பட்டது? மேலிருந்து அடிக்கும் வெயிலில், துருத்திய ஒவ்வொரு கல்லுக்குக் கீழேயும் கருப்பு ஒழுகும். வளைவின் உள்பக்கம் குழியாகிவிடும்.

காலையில் கிழக்குச் சுவர் தட்டையாக வந்தால் அதை விட்டுவிடுங்கள். மார்ச் கடைசி முதல் செப்டம்பர் வரை காலை வெயில் வடக்குச் சுவரைப் பக்கவாட்டில் உரசும். மற்ற மாதங்களில் தெற்குச் சுவரை உரசும். கல்லின் சொரசொரப்பும் கிடைக்கும், வெயிலின் நிறமும் கிடைக்கும்.

இன்னொன்று, பத்து மணிக்கு மேல் மணல் காய்ந்து கானல் ஆடத் தொடங்கும். 70–200 மி.மீ. ஜூம் லென்ஸில் தூரத்திலிருந்து எடுத்தால் சுவரின் விளிம்பு நெளியும். ஷட்டர் வேகத்தைக் கூட்டிப் பயனில்லை, ஒளியை வளைப்பது காற்று.

சேதுக்கரை நிழல்:
கானல் உண்மைதான் தம்பி. அதனால்தான் இந்த நேரத்துக்கு 24 அல்லது 35 மி.மீ. அகலக்கோண லென்ஸ், சுவரிலிருந்து பத்து மீட்டருக்குள் நிற்க வேண்டும்.

வளைவு குழியாவதற்குப் பாதிக் காரணம் கேமராவின் ஒளிமீட்டர். சுற்றிலும் வெளிர்மணல் இருப்பதால் கேமரா ஏமாந்து வெளிச்ச அளவைக் குறைத்துவிடும். +2/3 முதல் +1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பு அல்லது பாதி) வரை கூட்டுங்கள், ஹைலைட் எச்சரிக்கை (வெளுத்துப்போன இடத்தைத் திரையில் காட்டுவது) மணலில் ஆங்காங்கே மட்டும் மினுங்கட்டும். எஃப் 8, ஐஎஸ்ஓ 100, 1/400-ல் தொடங்கலாம். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) கட்டாயம். அந்த மணலே கீழிருந்து நிழலுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால், புல்தரையில் 3 ஸ்டாப் இறங்கும் நிழல் இங்கே 2 ஸ்டாப் அளவில் நிற்கும். கல் தெரியும்.

ஒரு எச்சரிக்கை: ஏப்ரல் 14-ஐயும் ஆகஸ்ட் 29-ஐயும் ஒட்டிப் பகல் 12.12 வாக்கில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும். அப்போது எந்தச் சுவருக்கும் வெயில் இல்லை. நான் சொல்வது அதற்கு ஒன்றரை மணி நேரம் முன், அல்லது பின்.

கீழக்கரை கல்தூண்:
போலரைசரை (வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்க லென்ஸில் மாட்டும் வடிகட்டி) இருவருமே மறந்துவிட்டீர்கள். வானம் நன்றாகக் கருப்பது சூரியனுக்கு 90 டிகிரி தள்ளிய பட்டையில். காலையில் அந்தப் பட்டை வடக்கிலிருந்து உச்சி வழியாகத் தெற்கே ஓடும். 24 மி.மீ.-ல் வடக்கே திரும்பி எடுத்தால் வானத்தில் ஒரு திட்டு மட்டும் கருநீலமாகி அசிங்கமாகும். சூரியன் உச்சிக்கு அருகே இருந்தால் பட்டை தொடுவானத்தைச் சுற்றி வந்துவிடும், வானம் ஏறக்குறைய ஒரே சீராகக் கருக்கும். இந்த இடத்தில் நிழல் அண்ணன் பக்கம்தான் நான். போலரைசரால் ஒன்றரை ஸ்டாப் ஒளி போகும், அந்த வெயிலில் அது பொருட்டல்ல.

படத்தில் சுவர் பின்னால் சாய்வது பற்றியும் சொல்ல வேண்டும். கேமராவை அண்ணாந்து பிடிக்காதீர்கள். மட்டமாக, செங்குத்தாகத் திருப்பி எடுத்து, கீழே மிஞ்சும் மணலை வெட்டிவிடலாம். மென்பொருளில் நிமிர்த்துவதாக இருந்தால் இருபுறமும் இடம் விட்டு எடுங்கள். தானாக நிமிர்த்தும் பொத்தானை இங்கே தொடவே கூடாது. இடிந்த சுவரில் சில உண்மையிலேயே சாய்ந்தவை, அவற்றை நேராக்கப் போய் மென்பொருள் கடலைச் சாய்த்துவிடும். தொடுவானத்தை மட்டும் நம்புங்கள்.

வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த மூன்று படங்களை ஒன்றாக அடுக்கும் எச்டிஆர் முறையும் இங்கே வேண்டாம். கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியின் கருங்கல் தூண்களுக்கிடையே, அனுமதி வாங்கி எடுக்கும்போது, 2 ஸ்டாப் இடைவெளியில் மூன்று படம் தேவைப்படும். கூரையே இல்லாத இடத்தில் அது நிழலை வெளிறடித்துக் கல்லைக் களிமண்ணாக்கும்.

பாம்பன் வாடை:
போலரைசர் கணக்கை ஏற்கிறேன் பாய். ஆனால் வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறும். வளைவுக்குள் ஆள் நிற்காத நிமிடமே இருக்காது. பாம்பனில் 2025 ஏப்ரலில் திறந்த தூக்குப் பாலத்துக்கும் உச்சி வெயில் உதவாது, இரும்புச் சட்டங்கள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்து தெரிவது தாழ்ந்த எதிர்வெளிச்சத்தில்தான்.

உப்பை மறக்காதீர்கள். லென்ஸில் உப்புப் படலம் ஏறினால் படம் முழுக்கப் புகைமூட்டம். துணியால் உடனே துடைத்தால் ஒட்டியிருக்கும் மணல் கண்ணாடியைக் கீறும். முதலில் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் நனைத்த துணியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடையுங்கள். முக்காலிக் கால்களை அன்றைக்கே முழுக்க நீட்டி நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் பூட்டு இறுகிவிடும். ஏசி அறையிலிருந்து வருபவர்கள் பையை மூடியபடியே அரை மணி நேரமாவது வெளியில் வைத்திருங்கள், இல்லையென்றால் காலை வெளிச்சம் முழுவதும் லென்ஸ் வேர்த்தே போய்விடும்.

சேதுக்கரை நிழல்:
கூட்டத்துக்கு மாற்று உண்டு. ஜூனில் நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே 14 டிகிரி சாய்ந்திருக்கும், வடக்குச் சுவர் முழுக்க மேலிருந்து உரசல் வெயில் கிடைக்கும். அந்தச் சூட்டில் கூட்டமும் சாலையோர நிழலுக்கு ஒதுங்கும்.

பாம்பன் வாடை:
ஜூனில் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்குமே அண்ணே. மணல் முழங்கால் உயரத்துக்குப் பறக்கும். தாழ்ந்த கோணமே வேண்டாம், லென்ஸ் மாற்றுவதென்றால் வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றுங்கள். சுவரில் சாய்ந்தோ ஏறியோ யாரும் எடுக்கவும் கூடாது, சுண்ணாம்பு பிடிப்பு விட்டுப்போன கல் கையோடு வந்துவிடும்.