300-க்குச் சற்று மேலே விழும் பேண்ட்: எந்த வகை ஈ. கோலை என்று எப்படி உறுதி செய்வது?

கிண்டி மாணவன்:
வணக்கம். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகளின் மலத்திலிருந்து பிரித்த ஈ. கோலையை, நோயூட்டும் மரபணுக்களைக் கொண்டு வகைப்படுத்த மல்டிப்ளெக்ஸ் பிசிஆர் (ஒரே குழாயில் பல மரபணுக்களைப் பெருக்கித் தேடும் சோதனை) செய்து வருகிறேன். நான்கு மாதிரிகளில், ஜெல்லில் 300 கார இணை நீளத்துக்குச் சற்று மேலே தடித்த பேண்ட் (டி.என்.ஏ கோடு) விழுகிறது. அதை எல்ட் (ஒரு குடல் நச்சுக்கான மரபணு) என்று எழுதினேன். ஆனால் அவற்றுள் இரண்டில், வேறு வகைக்குரிய ஈஏஈ மரபணுவும் (குடற்சுவரில் ஒட்ட உதவுவது) சேர்ந்து வருவதால் வழிகாட்டி ஏற்கவில்லை. திங்கட்கிழமை அறிக்கை தர வேண்டும், உதவுங்கள்.

வேளச்சேரி ஆய்வாளர்:
ஒரே குழாயில் எந்தெந்த பிரைமர்களை (மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டி.என்.ஏ துண்டுகள்) போட்டீர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்க்கும் அளவு என்ன, ஜெல் எத்தனை சதவீதம், பாசிட்டிவ் கண்ட்ரோல்களை (மரபணு இருப்பது உறுதியான ஒப்பீட்டு மாதிரிகள்) தனித்தனியே ஓட்டினீர்களா என்பவற்றைச் சொல்லாமல் எவரும் பதில் தர இயலாது.

தாம்பரம் வாசகி:
டெம்ப்ளேட்டை, அதாவது சோதிக்கும் டி.என்.ஏவை, கொதிக்க வைத்து எடுத்திருப்பீர்கள். அதில் தங்கும் கசடுதான் எப்போதும் இப்படிக் குழப்பும். கிட் வைத்துச் சுத்தம் செய்து பாருங்கள்.

பழைய நுண்ணுயிரியலார்:
அம்மா, கசடு இருந்தால் பிசிஆர் தடைபட்டு, வர வேண்டிய பேண்டும் வராமல் போகும். புதிய பேண்ட் முளைக்காது. தம்பி, இவை முதலாண்டிலேயே படித்திருக்க வேண்டியவை. மெக்காங்கி (பாக்டீரியா வளர்க்கும் ஊடகம்) தட்டிலிருந்து எத்தனை காலனி எடுத்தீர்கள்? ஒரே குழந்தையின் குடலில் சாதுவான ஈ. கோலையும் நோயூட்டும் ஈ. கோலையும் கலந்தே இருக்கும் என்பதால், இளஞ்சிவப்புக் காலனிகளில் ஐந்தையாவது தனித்தனியே எடுக்காதவர் ஜெல்லைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

கிண்டி மாணவன்:
ஐந்து காலனிகள் எடுத்தேன், ஐயா. மரபணுக்களும் எதிர்பார்க்கும் அளவுகளும் (கார இணையில்): ஈஏஈ 881, ஐபிஏஹெச் 619, எஸ்டிஎக்ஸ் (ஷிகா நச்சு) 518, எல்ட் 322, ஏஜிஜிஆர் 254, எஸ்ட் 147. ஈபெக்கில் (ஈஏஈ கொண்ட, ஷிகா நச்சு இல்லாத ஈ. கோலை) அசல் வகையைப் பிரித்தறிய பிஎஃப்பி-ஏ 326-ஐயும் பிறகு நானே சேர்த்தேன். ஜெல் 2 சதவீதம், கண்ட்ரோல் டி.என்.ஏக்களை ஒன்றாகக் கலந்து ஓட்டினேன்.

வேளச்சேரி ஆய்வாளர்:
சிக்கல் இதுதான். 322-க்கும் 326-க்கும் இடையிலுள்ள நான்கு கார இணை வேறுபாட்டை 2 சதவீத அகரோஸ் ஜெல் பிரித்துக் காட்டாது. கண்ட்ரோல்களைக் கலந்துவிட்டதால் அங்கும் இரண்டும் ஒரே கோடாகவே தெரிந்திருக்கும். பிஎஃப்பி-ஏவைத் தனிக் குழாயில் ஓட்டுங்கள். அந்த மரபணு பிளாஸ்மிடில் (குரோமோசோமுக்கு வெளியே உள்ள டி.என்.ஏ வளையம்) இருப்பதால் திரும்பத் திரும்பத் தட்டு மாற்றினால் உதிர்ந்துவிடக்கூடும். முதலில் உறைய வைத்துச் சேமித்த கிளிசரால் ஸ்டாக்கிலிருந்தே எடுங்கள்.

பழைய நுண்ணுயிரியலார்:
மரபணு இருப்பதாலேயே நோய்க்குக் காரணம் அதுதான் என்று எழுதிவிடாதீர்கள். நலமாக விளையாடும் குழந்தைகளின் மலத்திலும் இவை கிடைக்கின்றன.

தாம்பரம் வாசகி:
அதற்காக மரபணுவை ஒதுக்கிவிட முடியுமா, ஐயா? 2011-இல் ஜெர்மனியில் பரவிய ஓ104:ஹெச்4 வகையில் ஈஏஈ கிடையாது; ஏஜிஜிஆரும் எஸ்டிஎக்ஸ்2-உம் ஒரே பாக்டீரியாவில் சேர்ந்திருந்தன. சார்பிட்டால் மெக்காங்கியில் ஓ157:ஹெச்7 நிறமற்ற காலனியாகத் தெரியும். ஓ104:ஹெச்4-ஓ சார்பிட்டாலைச் சிதைப்பதால் மற்றவற்றோடு மறைந்துகொள்ளும். ஷிகா நச்சு உள்ளதென்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் தருவதற்கு முன் மருத்துவர் இருமுறை யோசிப்பார். சிறுநீரகம் பழுதாகும் அபாயம் இருக்கிறதே.

பழைய நுண்ணுயிரியலார்:
ஷிகா நச்சைப் பற்றி நான் மாறாகச் சொல்லவில்லை, அதைக் கண்டால் உடனே தெரிவிக்கத்தான் வேண்டும். எல்டும் ஏஜிஜிஆரும் அப்படியல்ல. நோயில்லாத குழந்தைகளின் மாதிரிகளோடு ஒப்பிடாமல் அவற்றின் எண்ணிக்கைக்குப் பொருளில்லை.

கிண்டி மாணவன்:
தனித்தனியே ஓட்டினேன். ஈஏஈ வந்த இரண்டும் பிஎஃப்பி-ஏ, மற்ற இரண்டும் எல்ட். அறிக்கையைத் திருத்திவிட்டேன். மிக்க நன்றி.

வேளச்சேரி ஆய்வாளர்:
மகிழ்ச்சி. ஈஏஈ மட்டும் வந்த மாதிரிகள் வேறு உண்டா? இருந்தால் அவற்றையும் கிளிசரால் ஸ்டாக்கிலிருந்து எடுத்து ஒருமுறை ஓட்டிய பிறகே அசலல்லாத ஈபெக் என்று எழுதுங்கள்.