அம்மாவுக்கு மின்னதிர்வு சிகிச்சை: மூளை பெரிதாவது நல்லதா, சேதமா?

செங்காங் மகள்:

வணக்கம். 61 வயதான என் அம்மா ஒன்றரை ஆண்டாகக் கடுமையான மனச்சோர்வில் இருக்கிறார். மூன்று வகை மாத்திரைகளை மாற்றிப் பார்த்தும் பலனில்லை. இரண்டு மாதமாகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு, அது காய்ந்துபோகும்வரை தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மயக்க மருந்து கொடுத்துத் தலையில் மின்சாரம் செலுத்திச் சிறு வலிப்பைத் தூண்டும் மின்னதிர்வு சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்துச் சம்மதப் படிவத்தைக் கொடுத்திருக்கிறார். சிங்கப்பூரின் ‘உட்பிரிட்ஜ்’ மனநல மருத்துவமனை பற்றிய அந்தக் காலத்துக் கதைகளைக் கேட்டு வளர்ந்த சின்ன மாமாவோ, “கரண்ட் வைத்தால் மூளை வெந்துவிடும், அக்காவை அப்படிப் பார்க்க என்னால் முடியாது” என்று தொலைபேசியிலேயே அழுதுவிட்டார்.

இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மூளையின் ஒரு பகுதி பெரிதாகிறது என்று படித்தேன். அது வளர்ச்சியா, அடிபட்ட இடம் வீங்குவதைப் போன்றதா? அம்மாவிடம் கேட்டால், “உனக்குச் சரி என்றால் சரி” என்கிறார். அந்தப் பதில்தான் எனக்குப் பெரும் பாரமாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

ஆய்வக ஊழியன்:

சகோதரி, மூளை ஸ்கேன் படங்களை அளக்கும் ஆய்வகம் ஒன்றில் ஆறு ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் படித்தது உண்மைதான். பெரிதாவதாகச் சொல்லப்படும் முக்கியமான பகுதி ஹிப்போகேம்பஸ். காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இருபுறமும் சுண்டுவிரலைப் போல வளைந்து கிடக்கும் அது, புதிய நினைவுகளைப் பதியவைக்கிறது. நீண்டகால மனச்சோர்வு உள்ளவர்களிடம் சராசரியாகச் சற்றுச் சிறுத்தும் காணப்படுகிறது. சுவீடனில் 12 நோயாளிகளுக்குச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எம்.ஆர்.ஐ. எடுத்த ஆய்வாளர்கள், அது பெரிதாவதை 2010இல் காட்டினார்கள். நார்வேயின் பெர்கன் நகரிலிருந்து ஒருங்கிணைக்கப்படும் பன்னாட்டுக் கூட்டாய்வு 281 நோயாளிகளின் படங்களைச் சேர்த்துப் பார்த்து 2018இல் அதை உறுதிசெய்ததோடு, சிகிச்சையின் எண்ணிக்கை கூடக்கூட வளர்ச்சியும் கூடுவதைக் கண்டது. வளர்ச்சி என்றாலும் சில விழுக்காடுதான். மின்சாரம் செலுத்தும் மின்முனைகளைத் தலையின் வலப்பக்கம் மட்டும் வைத்தவர்களுக்கு வலப்பக்கமே கூடுதலாகப் பெரிதாகிறது. ஆகவே, மின்புலம் வலுவாகப் பாயும் இடத்தில் மாற்றமும் கூடுதல் என்று புரிந்துகொள்ளலாம்.

இது வீக்கமா என்ற உங்கள் சந்தேகம் ஆய்வாளர்களுக்கும் வந்தது. நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதற்கென்றே எடுத்த படங்களில் அதற்குத் தெளிவான அடையாளம் கிடைக்கவில்லை. நரம்பணுக்கள் சிதைந்தால் இரத்தத்தில் உயரும் புரதங்களையும் அளந்து பார்த்தார்கள், அவையும் உயரவில்லை. எலிகளிடமும் குரங்குகளிடமும் இதே வகை வலிப்பைத் தூண்டியபோது, ஹிப்போகேம்பஸின் ஒரு மடிப்பில் புதிய நரம்பணுக்கள் கூடுதலாகப் பிறந்தன. மனிதரிடம் சில வாரங்களுக்குள் இவ்வளவு பரவலாகத் தெரியும் மாற்றத்தைப் புதிய அணுக்கள் மட்டுமே விளக்கிவிட முடியாது. நரம்பணுக்களின் கிளைகளும் இணைப்புகளும் அவற்றைத் தாங்கும் அணுக்களும் பெருகுவதும் காரணமாக இருக்கலாம் என்பதே பலருடைய கணிப்பு. “வெந்துவிடும்” என்று மாமா அஞ்சுவதற்கு இந்தப் படங்களில் ஆதாரம் இல்லை என்று உறுதியாகச் சொல்லுங்கள்.

ஆனால் இந்த வளர்ச்சியையே குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே 2018 ஆய்வில், ஹிப்போகேம்பஸ் அதிகம் பெரிதானவர்கள் அதிகம் தேறினார்கள் என்று காணப்படவில்லை. சுவீடன் நோயாளிகளை மறுபடி அளந்தபோது, ஆறு மாதத்தில் அது பழைய அளவுக்கே திரும்பியிருந்தது. மனச்சோர்வு நீங்குவதும் மூளை மாறுவதும் ஒரே காலத்தில் நடக்கின்றன என்பது வரை தெளிவு. ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று யாராவது உங்களிடம் சொன்னால், இப்போதைய ஆய்வுகள் அந்த அளவுக்கு எட்டவில்லை.

ஈசூன் வாசகி:

அன்புத் தங்கைக்கு, நான்கு ஆண்டுக்கு முன் எனக்கு இந்தச் சிகிச்சை ஒன்பது முறை நடந்தது. முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. காலையில் கையில் ஊசி. கண் திறக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். தாடை வலிக்கும், வலது நெற்றிப்பொட்டு முடியில் பசை காய்ந்து ஒட்டியிருக்கும். ஐந்தாவது முறைக்குப் பிறகு ஒரு நாள், கீழே காப்பிக்கடைக்குப் போகலாமா என்று நானே கணவரிடம் கேட்டேன். அவர் செருப்பைத் தேடக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றுவிட்டார்.

இழந்ததையும் சொல்கிறேன். சிகிச்சைக்குச் சில வாரம் முன்பு என் தம்பி மகளுக்குக் காதுகுத்து நடந்தது. படத்தில் பச்சைப் புடவையில் குழந்தையின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது நான்தான். அந்த நாள் எனக்கு இன்றுவரை திரும்பவில்லை. கவனமும் புதிதாகக் கற்கும் திறனும் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகிவிட்டன. அம்மாவுக்கு ஒரு குறிப்பேடு வாங்கிக் கொடுத்து, யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்று நாள்தோறும் நீங்களே எழுதி வையுங்கள். எனக்கு அது பெரிய துணையாக இருந்தது.

ஓய்வுபெற்ற தாதி:

மாமாவின் மனத்தில் இருப்பது, 1938இல் ரோமில் தொடங்கிய காலத்தில் மயக்க மருந்தில்லாமல் கொடுத்த முறை. இப்போது முழு மயக்கமும் தசைத் தளர்வு மருந்தும் கொடுத்த பிறகே செய்கிறார்கள். வலிப்பு பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். வெள்ளிக்கிழமை இரண்டு கேள்விகளைத் தவறாமல் கேளுங்கள். முதலாவது, மின்முனைகளை வலப்பக்கம் மட்டுமா, இருபக்கமும் வைப்பார்களா? வலப்பக்க முறையில் நினைவிழப்பு குறைவு. இரண்டாவது, முடிந்த பிறகு என்ன மருந்து? 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், இந்தச் சிகிச்சையால் தேறியபின் மருந்தே இல்லாத போலி மாத்திரை பெற்றவர்களில் 84 விழுக்காட்டினருக்கு ஆறு மாதத்துக்குள் நோய் திரும்பியது. நார்ட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்தும் மனநிலையைச் சீராக்கும் லித்தியமும் சேர்த்துப் பெற்றவர்களில் அது 39 விழுக்காடு. இந்த இரண்டாவது கேள்வியைத்தான் குடும்பங்கள் கேட்க மறந்துவிடுகின்றன.

செங்காங் மகள்:

எல்லோருக்கும் நன்றி. இவற்றை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தேக்காவில் இருபது ஆண்டு பூக்கட்டியவர் அவர். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பூக்கட்டுவது மறந்துபோகுமா?” என்று கேட்டார். பல வாரத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி இது. என்ன பதில் சொல்வது?

ஆய்வக ஊழியன்:

மறக்காது என்று நம்பிச் சொல்லலாம், சகோதரி. கைப்பழக்கம் பெரும்பாலும் மூளையின் வேறு பகுதிகளைச் சார்ந்தது. 1953இல் ஹென்றி மொலைசன் என்பவருக்கு வலிப்பு நோய்க்காக இருபுறமும் ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியை அறுத்தெடுத்தார்கள். அதன்பின் நடந்தவற்றைப் பெரும்பாலும் அவரால் நினைவில் வைக்க இயலவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்தபடி நட்சத்திரம் வரையும் பயிற்சியில், முன்பு செய்ததே நினைவில்லாமல், நாளுக்கு நாள் தேறினார். உங்கள் அம்மாவுக்கு எதையும் அறுத்தெடுக்கப் போவதில்லை. வெள்ளிக்கிழமை இந்தக் கேள்வியை அம்மாவே மருத்துவரிடம் கேட்கட்டும். படிவத்தில் கையெழுத்திட வேண்டியவர் அவர்தானே.