பாஹிஜே: குறைவினையா, உறைமுற்றா?

வணக்கம்.

பழைய வினை வடிவம் ஒன்று மற்ற வடிவங்களை இழந்து அப்படியே உறைந்து நின்றால், அந்தச் சொல்லைக் 'குறைவினை' என்று அழைக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. மராத்தியின் 'பாஹிஜே'யைக் கொஞ்சம் துருவிப் பார்த்தால் ஏனென்று விளங்கும்.

'மலா சஹா பாஹிஜே' என்றால் எனக்குத் தேநீர் வேண்டும். புனேயிலோ மும்பையிலோ நாள் முழுக்கக் காதில் விழும் சொல். ஆனால் அதன் வேர் 'பாஹணே', அதாவது பார்ப்பது. பார்த்தல் எப்படி வேண்டுதல் ஆயிற்று? நாமும்தான் 'வீடு பார்க்கிறோம்' என்று தேடுவதைச் சொல்கிறோம், அதே வழிதான். மிச்ச வேலையைச் செய்தது 'இஜே' விகுதி. சமஸ்கிருதச் செயப்பாட்டுவினையின் 'ய' பிராகிருதத்தில் 'இஜ்ஜ' ஆகி ('கிரியதே' அங்கே 'கிஜ்ஜஇ'), பழைய மராத்தியில் 'இஜே' என்று நின்றது. ஆக, பாஹிஜே என்றால் 'பார்க்கப்படுகிறது', 'தேடப்படுகிறது'. தேநீர்தான் எழுவாய், வேண்டுபவர் 'மலா' என்று நான்காம் வேற்றுமையில் நிற்கிறார்.

1290இல் இயற்றப்பட்ட மராத்தி கீதை உரையான ஞானேஸ்வரியில் இந்த விகுதி உயிரோடு இருக்கிறது. 'ஹே சப்தேவீண சம்வாதிஜே' என்கிறார் ஞானேஸ்வரர்: இதைச் சொல்லில்லாமல் உரையாட வேண்டும். 'உரையாடப்படும்' என்பது 'உரையாட வேண்டும்' என்று சாயும் இடம் அங்கேயே தெரிகிறது, எனக்கு மிகவும் பிடித்த வரி அது. இன்றைய பேச்சில் இந்த விகுதி புது வினைகளோடு சேர்வதில்லை, பாஹிஜே போன்ற சில சொற்களில் அப்படியே உறைந்துவிட்டது. 'ம்ஹணஜே'யும் அப்படித்தான்: 'சொல்லப்படுகிறது' என்றிருந்தது இப்போது வெறும் 'அதாவது'.

சரி, இதற்குக் குறைவினை என்று பெயர் வைத்தால் இரண்டு சிக்கல். குறை என்றதும் நம் இலக்கணம் படித்தவருக்கு எச்சம்தான், அதாவது முடியாமல் நிற்கும் வினைதான் நினைவுக்கு வரும், ஆனால் பாஹிஜே வாக்கியத்தை முடிக்கும் முழுமையான முற்று. அப்புறம் ம்ஹணஜே இன்று வினையே இல்லை, அதைக் குறை'வினை' என்று எப்படிச் சொல்வது?

அதனால் 'உறைமுற்று' என்கிறேன். ஒரு காலத்தில் முற்றாக இருந்து, ஒரே வடிவில் உறைந்தது. நம்முடைய 'வேண்டும்' கூட இதில் அடங்கும்: வேண்டினான், வேண்டுகிறாள் என்பதெல்லாம் இரத்தல் பொருளுக்குப் போய்விட, தேவைப் பொருளில் 'எனக்கு வேண்டும்' மட்டும் தனியாக நின்றுவிட்டது.

பன்மையில் 'பாஹிஜேத' என்று வருகிறதே என்று கேட்கலாம். வருகிறதுதான். ஆனால் இறந்தகாலம் சொல்ல அதற்குத் தனி வடிவம் இல்லை, 'பாஹிஜே ஹோதா' என்று துணைவினை சேர்த்தாக வேண்டும். முழுக்க உறையவில்லை என்று வரையறையில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், பெயரை மாற்ற அது காரணமாகாது.