விடுதி டோக்கனில் தினம் 0.8% தருகிறார்களாம்: எதை வைத்து முடிவு செய்வது?

மலைப்பாதை:
கொடைக்கானல் விடுதியில் 'பங்கு' என்று ஒரு டோக்கன் திட்டம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. குறைந்தது 500 யுஎஸ்டிடி (ஒன்று ஒரு டாலர் மதிப்பில் நிற்கும் கிரிப்டோ நாணயம்), தினம் 0.8%, 180 நாள் எடுக்க முடியாது, ஆள் சேர்த்தால் 7%, வருஷத்துக்கு நாலு இரவு இலவசத் தங்கல். கிரிப்டோ என்றாலே திருட்டு என்று ஒரு பக்கம், விவரம் தெரியாதவர்கள் பேச்சு என்று இன்னொரு பக்கம். எதைப் பார்க்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:
கிரிப்டோவை விடுங்கள், அறைக் கணக்கைப் போடுங்கள். 60 அறை, வருஷ சராசரியில் 60% நிரம்புகிறது, அறை 3,500 ரூபாய் என்று வைப்போம். ஒரு நாள் வரவு 1,26,000, வருஷத்துக்குச் சுமார் 4.6 கோடி. சம்பளம், கரண்ட், லாண்டரி, புக்கிங் தளங்களின் கமிஷன் போக 30% மிஞ்சினால் நல்ல நிர்வாகம்: 1.38 கோடி. நிலமும் கட்டடமும் அறைக்கு 40 லட்சம் என்றால் முதலீடு 24 கோடி. ஆக வருஷத்துக்கு 5.75% வருகிறது. தினம் 0.8% என்பது வட்டிக்கு வட்டி சேர்க்காமலே 292%. மிச்சம் அடுத்து சேருகிறவர் பையிலிருந்துதான் வரவேண்டும். அந்த 7% எதற்கு என்று இப்போது புரியும்.

டோக்கன்தாசன்:
கணக்கில் தப்பில்லை சார். ஆனால் சுற்றுலாவில் கிரிப்டோ வந்தாலே சந்தேகம் என்ற தொனிதான் இடிக்கிறது. 2025இல் பூடான், பைனான்ஸ் பே என்ற கிரிப்டோ கட்டணச் சேவை வழியாகப் பயணிகள் கட்டணம் செலுத்த வழி திறந்தது, தாய்லாந்து பயணிகள் கிரிப்டோவை மாற்றிச் செலவழிக்க டூரிஸ்ட் டிஜிபே கொண்டுவந்தது. மறுபக்கம், பான்கார்டு கிளப்ஸ் என்ற நிறுவனம் ஒரு டோக்கன்கூட இல்லாமல், ஓட்டல் அறை இரவுகளைக் காட்டியே பணம் திரட்டியது. 2016இல் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டாளர் செபி திருப்பித் தரச் சொன்ன தொகை 7,035 கோடி ரூபாய். முதலீட்டாளர்கள் 51 லட்சத்துக்கும் மேல்.

கணக்குப்பிள்ளை:
பான்கார்டு உதாரணம் என் பக்கத்துக்குத்தான் சாட்சி. பூடானும் தாய்லாந்தும் செலவு செய்ய வழி கொடுத்தன, யாருக்கும் வட்டி தருவதாகச் சொல்லவில்லை. தாய்லாந்தில் கடைக்காரர் கைக்குப் போவது அந்நாட்டு நாணயமான பாட். அந்தச் செய்தியைக் கத்தரித்து முதலீட்டுத் திட்டத்தின் பிடிஎஃப்பில் ஒட்டுவதே ஓர் அடையாளம்.

டோக்கன்தாசன்:
சரி, அப்படியானால் சோதித்துப் பார்க்கலாமே. சின்னத் தொகை போட்டு எடுத்துப் பாருங்கள். அவர்கள் பணம் வாங்குவது டிரான் என்ற பிளாக்செயின் முகவரியில் என்றால், டிரான்ஸ்கேன் தளத்தில் அதன் வரவு செலவு எல்லாம் திறந்துதான் கிடக்கிறது.

நீலகிரியான்:
சின்னத் தொகை எடுப்பது சோதனையே இல்லை, அதுதான் தூண்டில் புழு. பிட்கனெக்ட் என்ற கிரிப்டோ மோசடித் திட்டம் 2018 ஜனவரியில் மூடும்வரை கொடுத்துக்கொண்டேதான் இருந்தது. ஓட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்று ஆன்லைனில் தரும் 'டாஸ்க்' வேலையிலும் இதே கதை: முதல் செட்டை முடித்தால் சில நூறு ரூபாய் நிஜமாகவே வரும். பிறகு நடுவில் பல டாஸ்க்கை ஒன்றாகக் கட்டிய ஒரு 'காம்போ' ஆர்டர் விழும், கணக்கு மைனஸில் போகும், அதை நிரப்ப யுஎஸ்டிடி கேட்பார்கள். நிரப்பினால் அடுத்த காம்போ அதைவிடப் பெரிது. அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான எஃப்டிசிக்கு இப்படியான டாஸ்க் புகார்கள் 2020இல் ஒன்றுமில்லை, 2024இன் முதல் ஆறு மாதத்தில் மட்டும் சுமார் 20,000.

டிரான்ஸ்கேன் உதவும். புதியவர்கள் போட்ட பணம் நேராகப் பழையவர்களுக்கு வட்டியாகப் போகிறதா என்று பாருங்கள்.

டோக்கன்தாசன்:
கிரிப்டோ எக்ஸ்சேஞ்சின் ஹாட் வாலட்டிலும் (அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்கான பொதுப் பணப்பை) எல்லோர் பணமும் ஒரே குட்டையில்தான் கிடக்கும். அதை மட்டும் வைத்து மோசடி என்று சொல்ல முடியாது.

நீலகிரியான்:
ஒத்துக்கொள்கிறேன், அது தனியாக நிற்காது. அறை வாடகை என்று சொல்லக்கூடிய வரவு வெளியிலிருந்து ஒன்றாவது காட்டுகிறார்களா என்பதுதான் கேள்வி. லண்டன் கம்பெனிப் பதிவுச் சான்றிதழைக் காட்டினால் மயங்காதீர்கள். கட்டணம் கட்டினால் யாருக்கும் கிடைப்பது. நம் எஃப்ஐயு (நிதிப் புலனாய்வுப் பிரிவு) பதிவும் கறுப்புப் பணத் தடுப்புக்கானது, முதலீட்டுக்கு அனுமதி அல்ல.

இன்னொன்று நேரடியானது. விடுதியில் பங்கு என்றால் சர்வே எண் கேளுங்கள், வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பத்திரம் யார் பெயரில் இருக்கிறது? அப்படியே விடுதி ரிசப்ஷனுக்கு நீங்களே போன் செய்து இந்த டோக்கனுக்கு அறை ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். எண்ணை அவர்கள் அனுப்பிய பிரசுரத்திலிருந்து எடுக்காதீர்கள்.

டோக்கன்தாசன்:
வில்லங்கச் சான்று நல்ல யோசனை. டோக்கன் விற்கிறவர்கள் அதைத் தாங்களே வெளியிட்டால் எனக்கும் ஆட்சேபணை இல்லை.

மலைப்பாதை:
ஏற்கெனவே போட்டவர் ஒருவர் எடுக்கப் போனால், 30% வரி முதலில் கட்டச் சொல்கிறார்களாம்.

கணக்குப்பிள்ளை:
இனி ஒரு பைசாகூடக் கட்டக் கூடாது. நம் சட்டத்தில் 30% வரியை லாபம் பார்த்தவர் வருமானவரித் துறைக்குக் கட்டுகிறார். விற்கும்போது முன்கூட்டியே பிடிக்கும் வரி 1% டிடிஎஸ்தான். வரியை யுஎஸ்டிடியில் வாங்குகிற துறை இந்தியாவில் இல்லை.

உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழைக்கச் சொல்லுங்கள், பணம் வங்கிக் கணக்கில் நிற்கும்வரைதான் முடக்க முடியும். யுபிஐ பரிமாற்றத்தின் யுடிஆர் எண், கிரிப்டோ பரிமாற்றத்தின் அடையாளக் குறியீடான டிரான்சாக்ஷன் ஹாஷ், பணம் போன வாலட் முகவரி, சாட் ஸ்கிரீன்ஷாட் நான்கும் கையில் இருக்கட்டும். குழுவை விட்டு வெளியேறுவதற்கு முன் சாட்டை எக்ஸ்போர்ட் செய்யச் சொல்லுங்கள், அட்மின் அழித்துவிடுவார். தளத்தோடு வாலட்டை இணைத்திருந்தால், அதிலிருந்து பணம் எடுக்கக் கொடுத்த அப்ரூவலை (அனுமதியை) ரத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருப்பதும் போகும்.

நீலகிரியான்:
ஒரு வாரத்தில் 'பணத்தை மீட்டுத் தருகிறோம்' என்று யாராவது அழைப்பார்கள். முன்கட்டணம் கேட்டால் அதே கும்பலாகவும் இருக்கலாம், ஏமாந்தவர்கள் பட்டியலை வாங்கியவர்களாகவும் இருக்கலாம்.